யார் பெயரைப் போடுவது

ஆகஸ்ட் 3, ஞாயிறு

துவைத்த துணி இன்னும் காயவில்லை. வந்த நாளிலிருந்து மழை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஆசிரியர் குடியிருப்பில் எனக்கு ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர் பிடித்துவைக்க ஒரு பிளாஸ்டிக் டிரம். போன் சிக்னல் வேண்டுமானால் குடையோடு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நிற்க வேண்டும். தாய்லாந்து என்றதும் ‘உனக்கென்னம்மா, ஜாலிதான்’ என்று சொன்ன கோவில்பட்டிக்காரர்கள் அத்தனை பேருக்கும் இந்த டிரம்மைப் படம் எடுத்து அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

வந்த வேலையை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். மனம் அலையும்போது திருப்பிப் பார்க்க உதவும். இந்த வடக்கு மலைகளில் இருக்கும் ஹ்மோங் மக்களின் பேச்சில் நம் செயப்பாட்டு வினை போல ஏதாவது உண்டா என்று பார்க்க வந்திருக்கிறேன். அவர்களிடம் ‘டௌ’ என்று ஒரு சொல் இருக்கிறது. கடிபட்டான், அடிபட்டான் என்று நாம் சொல்கிறோமே, அந்தப் ‘பட்டான்’ செய்கிற வேலையை ஏறக்குறைய அது செய்கிறது. முதலில் ஆளின் பெயர், பிறகு ‘டௌ’, பிறகு அந்த ஆளுக்கு நேர்ந்தது. நல்லது நேர்ந்தால் அந்தச் சொல் வராது. அப்படிப்பட்ட வாக்கியங்களைப் பதிவு செய்துகொண்டு செப்டம்பர் கடைசியில் ஊர் திரும்ப வேண்டும். அவை இல்லாவிட்டால் ஆய்வேட்டில் நான்காம் அத்தியாயம் இல்லை. நான்காம் அத்தியாயம் இல்லாமல் கைடு வசுந்தரா மேடம் முகத்தில் விழிக்க முடியாது.

இன்னொன்று. இந்த நோட்டில் ஒரு விஷயத்தை மட்டும் எழுதமாட்டேன். இங்கே வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. பாலவேசத்திடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் கட்டிய கணவன் என்ற உரிமையில் அடுத்த விமானத்தில் ஏறு என்பார். முந்தைய இரண்டு தடவையும் அம்மாவிடம் சொன்னோம். அம்மா தெரு முழுக்கச் சொன்னாள். இரண்டு தடவையும் மூன்றாம் மாதம் தாண்டவில்லை. நான் மொழியியல் படித்தவள். வாயால் சொல்வதால் உலகத்தில் எதுவும் நடந்துவிடாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதமாட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காபாவோடு முதல் அமர்வு. என் வயதுதான் இருக்கும். பள்ளியில் மதியச் சாப்பாடு சமைக்கிறாள். மற்ற நேரத்தில் கணவன் நெங்கோடு சேர்ந்து முட்டைகோஸ் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறாள். நான்கு வயதில் வாமெங் என்று ஒரு பையன். சக்கரம் போன பிளாஸ்டிக் லாரியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு அவள் காலையே சுற்றிவருகிறான்.

என் பெயர் செண்பகவல்லி என்றேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, “செம்பா” என்றாள். பாங்காக்கில் நான் சந்தித்த எல்லோரையும்விடப் பரவாயில்லை. இரண்டு வருடம் நான் படித்த ஹ்மோங்கைக் கேட்டுச் சிரிக்காமல், எனக்குப் புரியும்படி நிதானமாகப் பேசுகிறாள். அவள் பேச்சைத் தமிழில் எழுதினால் ஏனோ எங்கள் ஊர்ப் பேச்சாகவே வருகிறது. இருக்கட்டும்.

படம் வரைந்த அட்டைகள் கொண்டுவந்திருக்கிறேன். நாய் கடிப்பது, பாம்பு கொத்துவது, கல் உருண்டு விழுவது, குளவி கொட்டுவது, மரக்கிளை முறிந்து விழுவது. ஒவ்வொன்றையும் காட்டி வாக்கியம் கேட்பேன். ‘ஒரு மனிதன்’ என்று பொதுவாகக் கேட்டால் புத்தக வாக்கியம்தான் வரும். தெரிந்த ஆளின் பெயரைப் போட்டால் இயல்பாக வரும். வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதுதான். வாமெங் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். அவன் பெயரைப் போடச் சொன்னேன்.

வாமெங் நாயிடம் கடிபட்டான். வாமெங் பாம்பிடம் கடிபட்டான். வாமெங் கல்லில் அடிபட்டான். ஏற்ற இறக்கத்தை அளப்பதற்காக ஒவ்வொன்றும் மும்முறை. மூன்றாவது முறை வரும்போதெல்லாம் அவள் குரல் இறங்கிவிட்டது. வாசல் பக்கமாகப் பார்த்துக்கொண்டு சொன்னாள். சத்தமாகச் சொல், மைக்கைப் பார்த்துச் சொல் என்று நான்தான் விரட்ட வேண்டியிருந்தது. கூச்சம் போலிருக்கிறது. போகப் போகச் சரியாகும்.

அருமையான தரவு. முதல் நாளே இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

ஆகஸ்ட் 6

காலையில் வயிறு சரியில்லை. இங்கே எல்லாவற்றோடும் புளித்த கடுகுக்கீரை வைக்கிறார்கள். அதுதான் காரணம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இரண்டாம் அமர்வு, பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில். காபாவ் வரும்போதே ஒரு கேள்வியோடு வந்தாள். பையன் பெயருக்குப் பதிலாக ஒரு சட்டி, ஒரு குடம் என்று போட்டுச் சொல்லக் கூடாதா என்றாள். சொல்லிப் பார் என்றேன். சட்டி கல்லில் அடிபட்டது என்று ஆரம்பித்துவிட்டு அவளே நிறுத்தினாள். அப்படிச் சொல்லமாட்டார்களாம். சட்டிக்கு வலிக்காதே என்றாள். எனக்கு அந்த ஒரு வரியே அரை அத்தியாயம். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால், தப்பிக்கத் தேடிய வழி அடைபட்டுப்போன முகமாக இருந்தது.

எனக்குக் கொஞ்சம் எரிச்சல். பெயர் வேண்டும், உயிருள்ள ஆளின் பெயர் வேண்டும், நேரம் போய்க்கொண்டிருக்கிறது. சரி, என் பெயரைப் போடு, செம்பா கடிபட்டாள் என்று சொல், எனக்கு ஒன்றும் இல்லை என்றேன். ரெக்கார்டரைப் போட்டுவிட்டு அட்டைகளை அவள் முன்னால் வைத்தேன். அவள் என்னையே பார்த்தாள், தலையிலிருந்து கால்வரை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டிலிருந்து பன்றிக் கொழுப்பு காய்ச்சும் வாடை வந்தது. நான் வெளியே ஓடினேன்.

முகம் கழுவி மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் காபாவ் அட்டைகளை எல்லாம் அடுக்கி ரப்பர் போட்டு வைத்திருந்தாள். எல்லாப் படத்துக்கும் சொல்லி முடித்துவிட்டாளாம். மும்முறையா என்றேன். மும்முறை என்றாள். கெட்டிக்காரி. பிறகு கேட்காமலே என் பையைத் தூக்கிக்கொண்டு அறைவரை வந்து வைத்துவிட்டுப் போனாள். எதையோ கேட்க நினைக்கிறாள். சிபாரிசு ஏதாவது இருக்கும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தொட்டிப் பக்கம் போய் அம்மாவுக்குப் போன் செய்தேன். மலையில் மண் சரிந்தால் இங்கேயே என்னைப் புதைத்துவிடுவார்கள், உனக்குச் செலவு மிச்சம் என்று விளையாட்டாகச் சொன்னேன். “வாயக் கழுவுட்டி” என்றாள். அந்தப் பக்கம் தண்ணீர்ச் சொம்பு உருளும் சத்தம்கூடக் கேட்டது. அவளே போய்க் கழுவினாலும் கழுவியிருப்பாள்.

அப்புறம், “ஏட்டி, தலைக்குக் குளிச்சியா?”

மழைத் தண்ணீரில்தான் தினமும் குளிக்கிறேன் என்றேன்.

“நான் அதக் கேக்கல.”

சிக்னல் போகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

முதல் அமர்வின் பதிவில் சில இடங்கள் தெளிவாக இல்லை. காபாவ் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, அவளும் கேட்டுச் சரிபார்க்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். காபாவ் எழுந்து உள்ளே போய்விட்டாள். அடுப்பு வேலை என்று நினைத்தேன். அந்த நேரத்தில் நெங் பிக்கப் வண்டியை நிறுத்திவிட்டு முட்டைகோஸ் கூடையோடு வந்தான். ஸ்பீக்கரில் அவன் மனைவியின் குரல் சொல்லிக்கொண்டிருந்தது: வாமெங் பாம்பிடம் கடிபட்டான். வாமெங் பாம்பிடம் கடிபட்டான். வாமெங் பாம்பிடம் கடிபட்டான்.

கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றான். அடுத்த வாக்கியமும் வந்தது. நான் அவசரமாக நிறுத்தினேன். இது வெறும் உதாரணம், இலக்கணத்துக்காக என்று விளக்கினேன். ‘உதாரணம்’ என்பதற்கு எனக்குத் தெரிந்த ஹ்மோங் சொல் சரியானதுதானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அவன் கோபப்படவில்லை. வாமெங்கைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனான். அவ்வளவுதான்.

கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 13

காபாவ் வரவில்லை. பள்ளியிலும் வேறு ஒருத்தி சமைத்தாள். வாமெங்குக்குக் காய்ச்சல் என்றாள்.

மழைக்காலம். குழந்தைகளுக்குக் காய்ச்சல் வருவது இயற்கை. ஊரெல்லாம் டிரம்மும் தேங்கிய தண்ணீருமாக இருக்கிறது. கொசு என்னையே தூக்கிக்கொண்டு போகிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

டெங்கு. மலைக்குக் கீழே அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே இருக்கின்றனவாம். நான் பார்க்க வருகிறேன் என்று காபாவுக்குச் செய்தி அனுப்பினேன். வேண்டாம், பாதை குண்டும் குழியும், வண்டி தூக்கிப் போடும், நீ வரக் கூடாது என்று பதில் வந்தது. என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்பதை எவ்வளவு நாசூக்காகச் சொல்கிறாள்.

டெங்கு கொசுவால் வருகிறது. வாக்கியத்தால் வராது. இதை இங்கே எழுதிவைக்க வேண்டிய நிலைமைக்கு வந்திருக்கிறேனே என்று வெட்கமாக இருக்கிறது.

டிரம்மைக் கவிழ்த்துக் கழுவி மூடி போட்டேன்.

ஆகஸ்ட் 16, சனி

நெங் வந்தான். கீழேயிருந்து மாற்றுத்துணி எடுக்க வந்தவன், நேராக என் அறைக்கு வந்து வாசலில் நின்றான். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. குரலை உயர்த்தாமல்தான் கேட்டான்.

“அந்தப் பெட்டிக்குள்ள எம் புள்ள எத்தன தடவ கடிபட்டிருக்கான்?”

நான் மனசுக்குள் எண்ணினேன். எண்ணிச் சொல்லிவிட முடியும், அதுதான் கொடுமை.

“நீங்க கெட்டது நெனச்சுச் செய்யல. அது எனக்குத் தெரியும். ஆனா அது அதுக்குள்ள இருக்கக் கூடாது. எடுத்திருங்க.”

அவன் பார்க்கும்படி ரெக்கார்டரைக் கையில் வைத்துக்கொண்டு அழித்தேன். இரண்டு அமர்வும். ‘கோப்பு எதுவும் இல்லை’ என்று திரையில் வந்தது. திரும்பிக் காட்டினேன். அவன் தலையை ஆட்டிவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனான். நன்றி வேறு.

லேப்டாப்பில் நகல் இருக்கிறது. அவன் லேப்டாப்பைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காததை நான் சொல்லவில்லை. அவன் மனசு ஆற வேண்டும், ஆறிவிட்டது, ஆய்வும் பிழைத்தது. யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஆகஸ்ட் 17

வசுந்தரா மேடத்திடமிருந்து மெயில். இதுவரை எடுத்த தரவை அனுப்பச் சொல்லியிருக்கிறார். நெட் சரியில்லை என்று பதில் போட்டேன். நெட் இன்று சரியாக இருந்ததால்தான் அந்தப் பதிலே போனது.

ஆகஸ்ட் 21, வியாழன்

வாமெங் வீட்டுக்கு வந்துவிட்டான். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது, ஆனால் லாரியை இழுக்கிறான். அப்பாடா. எனக்கு எவ்வளவு பயம் இருந்தது என்பது அவனைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அவனோடு முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மருந்து உடம்பைத்தான் சரிசெய்தது, மிரண்டு ஓடிய உயிர் இன்னும் வீடு திரும்பவில்லை என்று இன்று அதை அழைத்தார்கள். ஊரில் இதற்கென்று ஒரு பெரியவர் இருக்கிறார். திறந்த வாசலில் நின்றுகொண்டு, ஊதுபத்தி கொளுத்தி, கிண்ணத்து அரிசியில் முட்டையை நிறுத்திவைத்து, வெளியே பார்த்துக் கூப்பிட்டார். வாமெங், வா, காட்டில் நிற்காதே, ஆற்றங்கரையில் நிற்காதே, ஆஸ்பத்திரியில் தங்கிவிடாதே, அம்மா இங்கே, அப்பா இங்கே, சோறு இங்கே, வா. பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டாகப் பிளந்த எருமைக் கொம்பைத் தரையில் எறிந்து, அது விழுந்த விதத்தைப் பார்த்து, வந்துவிட்டான் என்றார். பக்கத்திலிருந்தவர்கள் எல்லோரும் பையனின் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினார்கள்.

பதிவு செய்யலாமா என்று கேட்கப் பையில் கையை விட்டேன். நெங் பார்த்தான். கையை எடுத்துக்கொண்டேன்.

எனக்கும் காபாவ் ஒரு நூல் கட்டினாள். கட்டி முடித்துவிட்டு இன்னொரு நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ யோசித்தாள். பிறகு அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையில் பார்த்ததை எழுதமாட்டேன்.

பொட்டு அளவுதான். பழையபடி இல்லை. பழையபடி இருக்காது.

அசையாமல் படுத்துவிட்டேன். படுத்தால் லேப்டாப் எதிரே தெரிகிறது. அதற்குள் என் பெயர் மும்முறை மும்முறையாக இருக்கிறது. செம்பா கடிபட்டாள், செம்பா அடிபட்டாள். என் பெயரைப் போடு என்று சொன்னது நான்தான், என் வாய்தான். லேப்டாப்பின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். முப்பத்துமூன்று வயதில், ஆய்வு மாணவி, துண்டு போட்டு மூடுகிறேன். அம்மா பார்த்தால் சந்தோஷப்படுவாள்.

கீழே ஆஸ்பத்திரிக்குப் போகலாம். போனால் அந்தப் பாதை. போகாவிட்டால் இந்தப் பயம்.

மத்தியானம் காபாவ் வந்தாள். ஏதோ பச்சிலை போட்டுக் கொதிக்கவைத்த கோழி ரசம் கொண்டுவந்தாள். உடம்புக்கு என்ன என்று கேட்கவே இல்லை. சாயங்காலம்வரை தரையில் உட்கார்ந்து பூத்தையல் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு தடவை, தொட்டியிலிருந்து நீ தண்ணீர் தூக்க வேண்டாம், நான் ஊற்றிவைக்கிறேன் என்றாள். அவள் பையனை நான் என்ன செய்தேன் என்று தெரிந்திருந்தும் இப்படி வந்து உட்கார்ந்திருக்கிறாளே என்று அழுகை வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 25

இன்று ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதை மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 27, புதன்

காபாவுக்குக் கை முறிந்துவிட்டது. தோட்டத்தில் பிக்கப்பில் ஏற்றிய முட்டைகோஸ் பெட்டிகள் சரிந்து, பிடிக்கப் போனவளின் வலது கை மேலேயே விழுந்திருக்கின்றன. கீழே கொண்டுபோய் மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள்.

என் அட்டைகளில் முட்டைகோஸ் பெட்டி கிடையாது. நான் அவளை எந்த வாக்கியத்திலும் போடவில்லை. பையன் பெயர், என் பெயர், இரண்டுதான். இதற்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஒரு பெண்ணுக்குக் கை ஒடிந்த செய்தி கேட்டு இப்படியும் ஒரு நிம்மதி. எந்த மாதிரி ஆளாகிவிட்டேன் நான்.

நகலை நாளைக்கு அழித்துவிடுகிறேன். போதும். அத்தியாயம் போனால் போகிறது.

ஆகஸ்ட் 28, வியாழன்

அழிப்பதற்கு முன்னால், எது எந்தக் கோப்பு என்று பார்க்கத்தான் திறந்தேன். இரண்டாம் அமர்வை நான் ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை. முதலில் நேரம் இல்லை, பிறகு தைரியம் இல்லை.

என் குரல்தான் முதலில். ‘சரி, என் பெயரைப் போடு.’ எவ்வளவு சிடுசிடுப்பு. பிறகு நாற்காலி தள்ளும் சத்தம், என் ஓட்டம், வெளியே தூரத்தில் நான் வாந்தி எடுப்பது. தகரக் கூரையில் மழை. கொஞ்ச நேரம் வேறு எதுவும் இல்லை. அப்புறம் காபாவ், சத்தமாக, வெளியே பார்த்துச் சொல்கிறாள்: “செம்பா, மெதுவா வா. அவசரமே இல்ல.” என் பெயர் அவ்வளவு சுத்தமாக அவள் வாயில் வருகிறது.

அட்டை எடுக்கும் சத்தம்.

காபாவ் நாயிடம் கடிபட்டாள். காபாவ் நாயிடம் கடிபட்டாள். காபாவ் நாயிடம் கடிபட்டாள்.

அடுத்த அட்டை. காபாவ் பாம்பிடம் கடிபட்டாள். அடுத்தது. காபாவ் கல்லில் அடிபட்டாள். ஒன்று பாக்கியில்லாமல் எல்லா அட்டைக்கும், நான் சொல்லிக்கொடுத்தபடி, மைக்குக்கு நேராக, குரல் இறங்காமல், மும்முறை. என் பெயர் எதிலும் இல்லை. கடைசி வரைக்கும் கேட்டேன். கடைசியில் அவள் அட்டைகளுக்கு ரப்பர் போடுகிறாள்; நான் உள்ளே வந்து, மும்முறையா என்று கேட்கிறேன்.

இதற்கு மேல் இன்று எழுத முடியாது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மழை விட்டிருந்தது. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு காபாவ் வீட்டுக்குப் போனேன். மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் வாமெங்குக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நெங் தோட்டத்தில். நல்லதாயிற்று, அவன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லும் தைரியம் எனக்கு இருந்திருக்காது.

அன்றைக்கு நான் முழுதாக அழிக்கவில்லை, இதற்குள் நகல் வைத்திருந்தேன், உங்கள் இரண்டு பேரிடமும் பொய் சொன்னேன் என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் பையன் வாயைத் துடைத்துவிட்டு, நீ டிரம்முக்கே மூடிமேல் மூடி போடுகிற ஆளாயிற்றே, ஒரே இடத்திலா வைப்பாய், எனக்குத் தெரியும் என்றாள். அவர்தான் நம்பினார், நான் ஒன்றும் சொல்லவில்லை என்றாள்.

அவள் பார்க்க வாமெங்கின் கோப்பை முதலில் அழித்தேன். அது போய்விட்டதா, குப்பைத்தொட்டி என்கிறார்களே அதிலிருந்தும் போய்விட்டதா என்று கேட்டு உறுதி செய்துகொண்டாள். இரண்டாவதன் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டேன், என் பெயரைத்தானே போடச் சொன்னேன் என்று.

வாமெங்கை லாரியோடு வெளியே அனுப்பினாள்.

“ஒன் ஒருத்தி பேருன்னா போட்டிருப்பேன். நீ ஒருத்தி இல்லியே.”

நான் மறுக்கவில்லை.

“வயித்துல இருக்கறதுக்கு இன்னும் பேரு இல்ல. அது மிரண்டு போயிருச்சுன்னா வாசல்ல நின்னு என்ன பேரச் சொல்லிக் கூப்புட? எனக்குப் பேரு இருக்கு. கூப்புட ஆளும் இருக்கு.”

பயமாக இல்லையா என்று கேட்டேன். இருந்தது என்றாள்.

ஒரு மாதமாக யாரிடமும் அழாத அழுகையை அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவளைப் பற்றி இந்த நோட்டில் நான் என்னென்ன எழுதியிருக்கிறேன் என்று நினைத்தால் பக்கங்களைக் கிழித்துவிடலாம் போல இருந்தது. பையைத் தூக்கி வந்ததற்குச் சிபாரிசு கேட்கப் போகிறாள் என்று எழுதியிருக்கிறேன். வராதே என்று செய்தி அனுப்பியதற்கு நாசூக்கு என்று எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது கோப்பு கிடந்தால் கிடக்கட்டும், உனக்குப் படிப்புக்கு வேண்டுமே என்றாள். நான் அழித்துவிட்டேன். அழித்ததால் அவள் கை கூடிவிடாது. ஆனால் அவள் பெயர் அதற்குள் இருக்கும்போது என்னால் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடமாட முடியாது.

வீட்டுக்குக் கிளம்பும்போது, உனக்குப் பிடிக்காத ஆள் யாராவது இருந்தால் பேரைச் சொல், எல்லா அட்டைக்கும் திரும்ப முதலிலிருந்து சொல்லித் தருகிறேன் என்றாள். எனக்கு வசுந்தரா மேடம் முகம் வந்துபோனது. இந்த மாதத்தில் முதல் முறையாகச் சிரித்தேன். கடைசியில் கொட்டடியில் நிற்கும் பன்றியைப் போடுவது என்று முடிவாகியிருக்கிறது. புத்தாண்டுக்கு அது எப்படியும் வெட்டுப்படப் போகிறது, அதற்கு வலிக்கவும் வலிக்கும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நெங் பிக்கப்பில் எங்கள் இரண்டு பேரையும் கீழே கூட்டிப்போனான். காபாவுக்குக் கட்டுப் பார்க்க வேண்டும். எனக்கும் ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் வண்டியை நிறுத்தி, ஊர்ந்து இறக்கினான். காபாவ் அவனிடம் என்ன சொல்லியிருக்கிறாள் என்று தெரியவில்லை. அவன் கேட்கவில்லை. நகலைப் பற்றி அவனிடமும் நானே சொன்னேன். ரோட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டான். இப்ப இல்லையே என்றான். இல்லை என்றேன். அதற்குப் பிறகு வண்டியில் பாட்டுப் போட்டான்.

டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். இருக்க வேண்டியது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, துடிக்க வேண்டியது துடிக்கிறது என்றார். ஓய்வாக இருக்கச் சொன்னார்.

பஜாரிலிருந்தே பாலவேசத்துக்குப் போன் செய்து சொன்னேன். “அம்மாட்ட நான் சொல்லல. நீ எப்பச் சொல்லணும்னு நெனைக்கியோ அப்பச் சொல்லு” என்றார். அடுத்த விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவரே இங்கே வருகிறாராம், லீவு போட்டுக்கொண்டு.

செப்டம்பர் 2, செவ்வாய்

வசுந்தரா மேடத்துக்கு உண்மையைச் சொல்லி மெயில் போட்டேன்: பதிவுகளை அழித்துவிட்டேன், பெயர்கள் இல்லாமல் மறுபடியும் சேகரிக்கிறேன், தாமதமாகும். ஒற்றை வரியில் பதில்: இது எந்த முறையியல்? பதில் தெரிந்தால்தானே சொல்வதற்கு.

இன்று காபாவின் உயிரை அழைத்தார்கள். ரெக்கார்டரை அறையிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

அதே பெரியவர், அதே வாசல். பெட்டிகள் சரிந்தபோது அவள் உயிர் தோட்டத்திலேயே நின்றுவிட்டிருக்கும் என்றார். காபாவ், வா, முட்டைகோஸ் வரப்பில் நிற்காதே, வண்டியடியில் நிற்காதே, வீடு இங்கே, பிள்ளை இங்கே என்று கூப்பிட்டார். நெங் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, வா என்றான். வாமெங்கும், அம்மா வா என்று கத்தினான், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க. எல்லோரும் சிரித்தார்கள்.

பெரியவர் கொம்பை எறிந்தார். இன்னும் வரவில்லை என்றார். மறுபடி எறிந்தார். வரவில்லை. பெரியவர் திரும்பி, கூடியிருந்தவர்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்தார், என்னையும் பார்த்தார். இது எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் நான் வாசலுக்குப் போய் நின்றேன். தோட்டம் இருக்கும் மேட்டைப் பார்த்துக் கூப்பிட்டேன். காபாவ், வா என்றேன். ஹ்மோங்கில் ஆரம்பித்தது எப்போது தமிழுக்கு மாறியது என்று தெரியவில்லை. காபாவ், வந்துருடி, வீட்டுக்கு வந்துரு என்று எங்கள் தெருவில் விளக்கு வைத்த நேரத்தில் அம்மா என்னைக் கூப்பிடும் குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். யாரும் என்னை நிறுத்தவில்லை.

மூன்றாவது தடவை கொம்பு சரியாக விழுந்தது.

நூல் கட்டினார்கள். நானும் அவள் இடது மணிக்கட்டில் ஒன்று கட்டினேன். அவள் எனக்கு ஒன்று கட்ட வேண்டும், ஒற்றைக் கையால் முடியவில்லை. நெங் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். பிறகு அவள் சட்டைப்பையிலிருந்து மடித்துவைத்திருந்த நூலை எடுத்தாள். அன்றைக்கு யோசித்துவிட்டு உள்ளே வைத்தாளே, அதே நூல். என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். யாருக்கு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்தப் பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவில் அதை வைத்திருக்கிறேன்.